சிரிப்பும் செருப்பும்

தமிழில் ஹாஸ்யம் பற்றி எழுதப்படுவது இரண்டு வகை. ஒன்று இரங்கற் குறிப்பு. சிரிக்க வைத்தவர் அழ வைத்துவிட்டுப் போனார் என்ற வாக்கியம் தவறாமல் அதில் இருக்கும். மற்றது பட்டியல். மறக்க முடியாத பத்துக் காட்சிகள், இருபது காட்சிகள். விமர்சனம் என்ற காரியம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஒரு புதுக்கவிதையில் ஒரு படிமம் பொய்யாக விழுந்துவிட்டால் பத்துப் பக்கம் சண்டை போடுகிற நாம், தமிழ்நாட்டின் எல்லா வீடுகளிலும் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கலையைப் பற்றி 'நன்றாகச் சிரித்தோம்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. இது கர்வத்தால் வந்த மௌனமா, சோம்பலால் வந்ததா? இரண்டும்தான் போலிருக்கிறது.

பழைய தொலைக்காட்சி ஹாஸ்யம் இன்றும் நிற்கிறதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். அந்தக் காலம் மாதிரி வருமா என்பதுதான் பதில். நான் இந்தக் கேள்வியை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து கேட்டுப் பார்க்க விரும்புகிறேன். ஊர்ப்பற்று இதில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் காரணம் வேறு. தமிழ் ஹாஸ்யத்தின் தட்டுமுட்டுச் சாமான்களில் முக்கியமானவை செருப்பு, நாற்றம், தோலின் நிறம், 'பாய்' பேசுகிற தமிழ். இவை நான்கும் எங்கள் ஊர்களில் வேடிக்கைப் பொருள்கள் அல்ல, பிழைப்பு. ஓர் ஊர் எதைச் செய்து சோறு தின்கிறதோ அதை வைத்தே ஊர் முழுக்கச் சிரிக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று பார்க்க, பாலாற்றங்கரையைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை.

முதலில் கொஞ்சம் வம்சாவளி. பத்து நிமிஷத்தில் தொடங்கி முடிகிற, முன்னும் பின்னும் எதனோடும் கட்டுப்படாத ஹாஸ்யத் துண்டு என்பது தொலைக்காட்சி கொண்டுவந்த வடிவம் என்று நினைத்தால் அது தவறு. வடஆற்காட்டுக் கூத்தில் கட்டியங்காரன் இதைத்தான் செய்கிறான். ராஜா விருத்தம் பாடி நிறுத்துகிற இடத்தில் இவன் நுழைந்து, அதே விஷயத்தைக் களத்துமேட்டுப் பேச்சில் திருப்பிச் சொல்லி, உள்ளூர்ச் சங்கதி ஒன்றைக் கலந்து, ராஜாவையே கேள்வி கேட்டுவிட்டு ஒதுங்குகிறான். 1970களில் புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்த ந. முத்துசாமி அதன் நாடகத் தன்மையைப் பற்றி எழுதினார். 1977இல் கூத்துப்பட்டறையும் வந்தது. அந்த விவாதங்களில் அடவும் வேஷமும் பெற்ற கவனத்தைக் கட்டியங்காரனின் வாய் பெறவில்லை. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. அவன் சொன்னது அந்த ராத்திரிக்கு மட்டும். மறுநாள் அடுத்த ஊரில் வேறு சங்கதி. நிற்கிறதா என்ற கேள்வியே அவனுக்குப் பொருந்தாது. விடிந்தால் அழிந்துவிட வேண்டும் என்பதே அவனுடைய ஒப்பந்தம்.

அழியாமல் பிடித்துவைக்கிற சாதனம் சினிமாவோடு வந்தது. என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) தம் குழுவை வைத்துக்கொண்டு ஹாஸ்யப் பகுதிகளைத் தனியாகத் தயார் செய்து, படமாக்கி, மூலக் கதையோடு ஒட்டவைக்கும் முறையை வழக்கமாக்கினார். கதைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விமர்சகர்கள் இதைக் கலைக் குறைபாடு என்று சொல்வார்கள். குறைபாடுதான். ஆனால் ஒட்டுவதற்கென்றே செய்த பொருள் சுலபமாகப் பிரியும். அரை நூற்றாண்டு கழித்துத் தொலைக்காட்சிக்காரன் கத்தரிக்கோலோடு வந்தபோது தமிழ்ப்படங்களின் ஹாஸ்யம் அவன் கையில் அலுங்காமல் பிரிந்து வந்தது இந்த ஏற்பாட்டினால்தான். 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி வந்த பிறகு, படம் இல்லாமல் ஹாஸ்யத்தை மட்டும் வெட்டி வெட்டிக் காட்டுவது தனி நிகழ்ச்சியாயிற்று. 2009இல் அதற்கென்றே ஆதித்யா என்று ஒரு சானலே வந்துவிட்டது. தமிழில் தொலைக்காட்சிக் குறுஹாஸ்யம் என்ற இனத்தில் பாதி, எழுதிப் பிறந்ததல்ல, வெட்டிப் பிறந்தது. வேறு மொழிகளில் இப்படி நடந்திருக்கிறதா என்று யாராவது தேடிப் பார்க்கலாம்.

மறுபாதி சபாவிலிருந்து வந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. புதிய சாதனத்துக்குச் சரக்கு வேண்டும். பக்கத்தில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபா நாடகக் குழுக்கள் சரக்கோடு தயாராக இருந்தன. மௌலி, காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகர், கிரேஸி மோகன் என்று ஒரு தலைமுறை. 1976இல் எஸ்.வி. சேகரின் குழுவுக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதிய மோகன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்த்தவர். அவருடைய உலகத்தில் எல்லோருக்கும் உத்தியோகம் உண்டு. எல்லோர் வீட்டிலும் சோபா உண்டு. சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஒரு மைத்துனன் உண்டு. பிரச்சினை எப்போதும் ஒரு பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். நடுவில், ஒரே ஒலியில் இரண்டு அர்த்தம் உள்ள சொற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடுகின்றன.

இதை மட்டமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மொழியை மட்டும் நம்பிய ஹாஸ்யம் என்ற வகையில் மோகனுடைய (அவர் 2019 ஜூனில் காலமானார்) சாதனை சாதாரணமானதல்ல. யாரையும் அடிக்காமல், யாருடைய நிறத்தையும் சொல்லாமல் இரண்டு மணி நேரம் சிரிக்க வைக்க முடியும் என்பதை அவர் காட்டினார். 1990இல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' இன்றும் நின்று சிரிக்க வைக்கிறதென்றால் அதன் தச்சுவேலை அப்படி. ஆனால் அடிக்காமல் இருக்க முடிந்ததற்கு ஒரு காரணம், அடிபடுகிறவர்கள் யாரும் அந்த வீட்டுக்குள் நுழையவில்லை என்பது. அங்கே செருப்பு வாசலிலேயே கழற்றி விடப்பட்டது.

இந்த நாடகங்கள் எங்கள் பக்கத்துக்கு வந்தது ஒலிநாடாவாகத்தான். ஆம்பூர் சென்னையிலிருந்து ஏறக்குறைய 185 கிலோமீட்டர். தொடக்க வருஷங்களில் சென்னை நிலையம் எங்களுக்கு ஒரு வதந்தி. 1984ஐ ஒட்டி நாடெங்கும் சிற்றூர்களில் குறைந்த சக்தி ஒளிபரப்பிகளை நட்டார்கள். அவை அஞ்சல் செய்தது டில்லியை. ஆகவே எங்கள் தெருவில் முதன்முதலாக ஒழுங்காகத் தெரிந்த தொலைக்காட்சி ஹாஸ்யம் இந்தியில் இருந்தது. 'யே ஜோ ஹை ஜிந்தகி' (1984). சரத் ஜோஷி எழுதியது. அதில் சதீஷ் ஷா வாரம் ஒரு வேஷமாக வந்துகொண்டிருப்பார். மற்றத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இது ஊமைப்படம். ஆம்பூரில் அப்படியல்ல. ஊரில் கணிசமானவர்கள் வீட்டில் பேசுவது உருது, அதிலும் தக்னி. தோல் மண்டிக் கணக்கப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருப்போம். முன்வரிசை முதலில் சிரிக்கும். அங்கிருந்து ஒரு பையன் திரும்பித் தமிழில் சொல்வான். பிறகு பின்வரிசை சிரிக்கும். ஒரு ஹாஸ்யத்துக்கு இரண்டு சிரிப்பு. மொழிபெயர்த்த பையனின் வேகத்தில், பல சமயம் இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. அவன் மூலத்தில் இல்லாததைச் சேர்த்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. கட்டியங்காரன் செய்ததும் அதைத்தானே.

வீடியோ வந்தபோது இந்த இரட்டைத் தன்மை இன்னும் கூடிற்று. ஒரு ராத்திரிக்கு டெக்கும் டி.வி.யும் வாடகைக்கு எடுத்தால் மூன்று கேஸட் பார்ப்பது வழக்கம். ஒன்று ரஜினி, ஒன்று அமிதாப். மூன்றாவதாகச் சில வீடுகளில் கராச்சியிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த உமர் ஷரீஃபின் மேடை நாடகம். 'பக்ரா கிஸ்தோன் பே' (1989) நாடகத்தை ஆம்பூர்க்காரன் பார்த்தது கள்ளப்பிரதியின் கள்ளப்பிரதியில். முகங்கள் தெரியாது. நிறங்கள் வழிந்து ஓடும். ஆனால் தவணைமுறையில் ஆடு வாங்குகிறவனின் அவஸ்தையைத் தவணைமுறையில் டி.வி. வாங்கிய ஊருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த டி.வி.க்களை வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாலாற்றுத் தண்ணீரும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தப் பகுதி அரைகுறையாகப் பதனிட்ட தோலைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தது. 1972இல் சீதாராமையா கமிட்டி, அரைகுறைத் தோலைக் குறைத்து முழுதாகப் பதனிட்ட தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய் என்று சொல்லிற்று. அடுத்த ஆண்டிலிருந்து அரசாங்கம் அளவு விதிக்கத் தொடங்கியது. ட்ரம்முகளும் குரோமும் பெருகின. 1980களில் ஷூ கம்பெனிகள் வரிசையாக எழுந்தன. தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்ற ஆண்களின் வீடுகளிலிருந்து பெண்கள் கம்பெனி பஸ் ஏறி 'அப்பர்' தைக்கப் போனார்கள். டி.வி.யின் தவணையைக் கட்டியது பெரும்பாலும் அந்தப் பெண்களின் சம்பளம்.

சாயங்காலம் அவர்கள் திரும்பிவந்து பார்த்தது கவுண்டமணியையும் செந்திலையும்.

இந்த ஜோடியைப் பற்றி நம் அறிவுலகம் இரண்டு நிலைப்பாடுகளில் ஊசலாடுகிறது. ஒரு காலத்தில் ஆபாசம், வன்முறை, ரசனைச் சீரழிவு என்றது. இப்போது எதிர்க்கலாச்சாரம், கலகக்குரல் என்கிறது. இரண்டிலும் காட்சியை யாரும் பார்ப்பதில்லை. 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடுகிறவனிடம் வேலையாள் ஒரு சந்தேகம் கேட்கிறான். இந்த மெல்லிய வலையில் எப்படி வெளிச்சம் வருகிறது என்று. கேட்டுக்கொண்டே தொட்டு உடைத்துவிடுகிறான். 'கரகாட்டக்கார'னில் (1989) வாங்கிவரச் சொன்ன இரண்டு வாழைப்பழத்தில் ஒன்றைத் தின்றுவிட்டு, மிச்சமிருப்பதையே அந்த இன்னொன்று என்று சாதிக்கிறான். ஏ. வீரப்பனைப் போன்றவர்கள் இத்தகைய பகுதிகளுக்குப் பின்னால் இருந்து எழுதினார்கள். பெயர் பெற்றது குறைவு. இந்தக் காட்சிகளின் எலும்புக்கூட்டைப் பாருங்கள். முதலாளி, வேலையாள். முதலாளி ஒன்றும் பெரிய முதலாளி அல்ல, வேலையாளைவிட ஒரு படி மேலே இருக்கிற ஏழை. அந்த ஒரு படியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அத்தனை அதட்டலும் உதையும். வேலையாளோ அடங்கின பாவனையில் தர்க்கத்தைக் கொண்டு அவனைப் பைத்தியமாக்குகிறான். உதை விழுகிறது. ஆனால் வாதத்தில் ஒருமுறைகூட முதலாளி ஜெயிப்பதில்லை. வாழைப்பழக் காட்சி நிற்பது இதனால். அதில் உதையை எடுத்துவிட்டாலும் காட்சி நிற்கும்.

நிற்காதவையும் இருக்கின்றன. எண்ணிக்கையில் அவைதான் அதிகம். தலையின் வடிவம், பல், கறுப்பு, குண்டு, குளிக்காத நாற்றம். இவற்றில் வாதம் இல்லை. வசவு மட்டும். வசவின் உச்சத்தில் கை காலுக்குப் போகிறது, செருப்பைக் கழற்றுகிறது.

செருப்பு ஏன் வசவாயிற்று? காலில் கிடப்பது, தெருவை மிதித்தது என்பது பாதி பதில். தோல், செத்த மாட்டின் தோல், அதைத் தொட்டு வேலை செய்பவன் தீண்டத்தகாதவன் என்பது மறுபாதி. செருப்படி வாங்கியவன் பட்ட அவமானத்துக்குள்ளே, செருப்பைத் தைத்தவனின் அவமானம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மற்ற ஊரில் இது ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டிய விஷயம். பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாசனையிலேயே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பையன்கள் சென்னையில் படிக்கப் போனால் ஊர்ப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் மூக்கைப் பொத்துகிற விளையாட்டு ஒன்று உண்டு. பிரியாணியின் புகழ் வந்து அந்தக் கையைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறது. அந்த மூக்கைப் பொத்தும் அபிநயம் யாரும் தானாகக் கண்டுபிடித்ததல்ல. அதே அபிநயத்தை, அதே முகச்சுளிப்போடு, ஹாஸ்யக் காட்சிகளில் நூறுதடவை பார்க்கலாம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். காட்சி இழிவு செய்கிறது, ஆகவே இழிவு செய்யப்பட்டவர் சிரிக்கவில்லை என்று எழுதிவிட்டால் கட்டுரை சுத்தமாக முடிந்துவிடும். உண்மை அப்படி இல்லை. அவர்கள் சிரித்தார்கள். இன்றும் சிரிக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் சாயங்காலம் கைப்பேசியில் ஓடுவதில் பாதி இந்தக் காட்சிகள்தான். 'ப்ரண்ட்ஸ்' (2001) படத்தில் வடிவேலு பெயிண்டிங் கான்டிராக்டராக வருகிற பகுதியை எடுத்துக்கொள்ளலாம். 2019 மே மாதக் கடைசியில் அந்தப் பாத்திரத்துக்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்லி உலகெங்கும் இணையத்தில் ஒரு கேலி பரவியதே, அந்தக் காட்சிதான். கான்டிராக்டர் தலையில் அவருடைய ஆளே மேலேயிருந்து சுத்தியலைப் போடுகிறான். உலகத்துக்கு அது அசட்டுத்தனம். கான்டிராக்டர் மூலம் கூலிக்குப் போகிறவர்கள் நிறைந்த ஒரு பஸ்ஸில் அந்தச் சுத்தியல் விழும்போது எழுகிற சிரிப்பைக் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு திருப்தி இருந்தது. மணிக்கு இத்தனை ஜோடி என்று நின்றுகொண்டே கணக்குக் கேட்கும் சூப்பர்வைசருக்கு அந்தப் பெண்கள் வைத்திருக்கும் பெயர்கள் எல்லாமே ஹாஸ்யப் பாத்திரங்களின் பெயர்கள். சூப்பர்வைசர் வாங்கியது உதைக்கிறவர் பெயரை அல்ல, உதைபடுகிறவர் பெயரை. எழுதியவர் அடியை ஒரு திசையில் அனுப்பியிருக்கலாம். பார்ப்பவர் அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். எல்லா அடியும் திருப்பக்கூடியதா என்றால் இல்லை. நிறத்தைச் சொல்லும் அடியை யார் மீதும் திருப்ப முடிவதில்லை. அது கறுத்த பெண்ணின் மேல்தான் வந்து விழுகிறது. அப்போது பஸ்ஸில் அடுத்த காட்சிக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

இனி 'பாய்' பேசும் தமிழ். சினிமாவும் தொலைக்காட்சியும் சேர்ந்து தயாரித்த ஒரு முஸ்லிம் உண்டு. பச்சை பெல்ட், லுங்கி, கழுத்தில் தாயத்து, வாயில் 'நம்பிள்', 'நிம்பிள்'. இப்படி ஒரு மனிதனை ஆம்பூரில் விளக்குப் போட்டுத் தேடினாலும் கிடைக்காது. தக்னி பேசுகிறவர் 'ஹௌ' என்பார், 'நக்கோ' என்பார், 'கைகு' என்பார். தமிழ் பேசும்போது வடஆற்காட்டுத் தமிழ் பேசுவார். பக்கத்துக் கடைச் செட்டியாரின் அதே தமிழ். 'நம்பிள்' என்பது சௌகார்ப்பேட்டை வட்டிக்கடைக்காரருக்கு என்று நாடகக்காரர்கள் கட்டிய பாஷை. அதைக் கழற்றி பாய் தலையில் மாட்டிவிட்டார்கள். தமிழல்லாத எல்லாருக்கும் சேர்த்து ஒரே தொப்பி. இந்த ஹாஸ்யத்தின் மீது எனக்குள்ள முதல் புகார் நல்லெண்ணம் பற்றியதல்ல. காது பற்றியது. இழிவு செய்வதற்காவது ஒழுங்காகக் கேட்டிருக்க வேண்டாமா? கட்டியங்காரனுக்குக் காது இருந்தது. இந்தப் பாய் எழுதப்பட்ட அன்றே செத்த பாத்திரம். நாற்பது வருஷம் கழித்து அது நிற்கிறதா என்று கேட்பதில் அர்த்தமில்லை.

தொலைக்காட்சிக்கென்றே எழுதிப் பிறந்த தமிழ்க் குறுஹாஸ்யம் என்றால், 2000களின் முதல் பத்தாண்டில் விஜய் தொலைக்காட்சியில் வந்த 'லொள்ளு சபா'தான் முதலில் சொல்ல வேண்டியது. ராம்பாலா இயக்கியது. சந்தானம், ஜீவா, சுவாமிநாதன், மனோகர் முதலியவர்கள். வாரம் ஒரு பிரபலமான படத்தை எடுத்துக்கொண்டு அதை அட்டையிலும் துணியிலும் திரும்பச் செய்தார்கள். இதன் வறுமை இதன் பலம். நாயகன் மலை உச்சியில் நின்று வசனம் பேச வேண்டிய இடத்தில் ஸ்டூலில் நின்று அதே வசனத்தைப் பேசும்போது, அந்த வசனத்தை இத்தனை நாள் தாங்கிக்கொண்டிருந்தது மலைதான் என்று தெரிந்துவிடுகிறது. நட்சத்திர பிம்பத்தின் மீது நம் சிறுபத்திரிகைகள் இருபது வருஷம் எழுதிய கட்டுரைகள் செய்யாததை இந்த அட்டைகள் செய்தன. எழுதிய எனக்கே இதைச் சொல்லக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இன்று அவற்றைப் பார்த்தால் பகுதிகளில் சரிபாதி கைகொடுக்கவில்லை. பகடி மூலத்தின் நினைவைக் கடன் வாங்கி வாழ்கிறது. மூலம் மறந்துபோன படமென்றால் கடன் வாங்க ஆளில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள், 2005க்குப் பிறகு பிறந்தவர்கள், பல படங்களின் மூலத்தைப் பார்த்ததே இல்லை. இருந்தும் சில இடங்களில் சிரிக்கிறார்கள். நான் கவனித்தவரை, அவர்கள் சிரித்தது ஒரு மனிதன் தான் சொல்வதைத் தானே நம்பாமல், ஆனால் மிகுந்த தீவிரத்துடன் சொல்கிற இடங்களில். கை ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம், அர்த்தம் இன்னொரு பக்கம் என்று போகும் மனோகரின் பேச்சுக்கு மூலப்படம் தேவைப்படவில்லை. செர்வாண்டிஸ் கேலி செய்த வீரசாகச நாவல்களை இன்று யார் படிக்கிறார்கள்? கிழவனும் குதிரையும் மிஞ்சியிருக்கிறார்கள். பி.பி.சி.யின் 'மான்டி பைதன்' (1969–74) குழு, செத்த கிளியை விற்றுவிட்டுச் சாகவில்லை என்று சாதிக்கிற கடைக்காரனைக் காட்டிற்று. அதற்குக் கடைக்கு வெளியே எந்த நினைவும் வேண்டாம். வாழைப்பழமும் செத்த கிளியும் ஒரே குடும்பம்.

லொள்ளு சபாவின் கெட்டுப்போன பகுதி எது என்றால், ஆண்கள் பெண் வேஷம் கட்டி வருவதும் பருத்த பெண்களைக் காட்டிச் சிரிக்க வைப்பதும். நட்சத்திரத்தை உடைக்கத் துணிந்தவர்கள் இதில் நட்சத்திரப் படங்களின் பழக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். பின்னால் 'தமிழ்ப் படம்' (2010) முழுநீளத்தில் அதே பகடியைச் செய்தபோது கொஞ்சம் சுத்தமாகச் செய்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. பாலாறு. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொல்லி, தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. ஆற்றைக் கெடுத்ததற்குப் பத்தாயிரம் ரூபாய். 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்படப் பத்துப் பேர் செத்தார்கள். 2025 ஜனவரியில் மறுபடி உச்ச நீதிமன்றம் இதே ஆற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கமிட்டி, ஆய்வு, நஷ்டஈடு, மறு கமிட்டி. ஒரு அங்கதக்காரனுக்கு இதைவிடத் தயார் நிலையில் ஒரு பொருள் கிடைக்குமா? 1989இல் தூர்தர்ஷனில் ஜஸ்பால் பட்டி 'ஃப்ளாப் ஷோ' என்று பத்தே பகுதிகள் செய்தார். டெலிபோன் இலாகா, வீட்டுமனை, கான்டிராக்டர், ஆராய்ச்சி வழிகாட்டி என்று ஒவ்வொன்றாக. பணமில்லாத ஒளிப்பதிவு, சொதப்பலான செட். அரசாங்கத் தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு அரசாங்க இலாகாக்களைச் செய்தார். தமிழில் இது ஏன் நடக்கவில்லை? மேடையில் சோ 1968இலேயே 'முகமது பின் துக்ளக்' போட்டவர். அந்த மரபு தொலைக்காட்சிக்கு வந்து சேரவில்லை. வந்தபோது தமிழ்ச் சானல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்சிகளின் நிழலில் முளைத்தன. எதிர்க்கட்சியைக் கிண்டல் செய்யலாம். ஆற்றைக் கெடுத்ததில் எல்லாக் கட்சிக்கும் பங்கு இருப்பதால் ஆற்றைப் பற்றிக் கிண்டல் செய்ய முடியாது.

'ஃப்ளாப் ஷோ இன்றும் பொருந்துகிறது' என்று பாராட்டுகிறார்கள். அது பட்டிக்குப் பெருமையா, இலாகாக்களுக்குச் சிறுமையா என்று யோசிக்காமல் சொல்லப்படுகிற பாராட்டு. அங்கதம் நிற்பதற்குச் சமூகம் நகராமல் இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். என்.எஸ்.கே. 'நல்லதம்பி' (1949) படத்தில் நந்தனார் கதையைத் திருப்பிப் போட்டுக் கிந்தனார் காலட்சேபம் செய்தார். அவருடைய கிந்தன் சிதம்பரத்துக்குப் போவதில்லை. ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து அதிகாரியாகத் திரும்புகிறான். நெருப்பில் இறங்கிச் சுத்தமாகிற காரியத்தைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டுவிட்டது. அன்று இது எதிர்காலத்தைப் பற்றிய ஹாஸ்யம். இன்று தோல் ஷாப்புத் தொழிலாளி வீட்டிலிருந்து பொறியியல் கல்லூரி போய்விட்டு வந்த பையன் அதைப் பார்த்தால் எங்கே சிரிப்பான்? அவன் படித்துவிட்டு, தகப்பன் வேலை செய்த கம்பெனிக்கே சூப்பர்வைசராகத் திரும்பியிருக்கிறான். பஸ்ஸில் அவனுக்கு ஒரு ஹாஸ்யப் பெயர் காத்திருக்கிறது.

தொலைக்காட்சிக்கு வெளியே இருக்கிற ஒன்றோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. எங்கள் பக்கத்து முஷாயிராக்களில் கடைசியாக, எல்லோரும் காத்திருக்கும் நேரத்தில், ஹாஸ்யக் கவிகளை அழைப்பார்கள். அந்த மரபில் பெரிய பெயர் குல்பர்காவின் சுலைமான் கதீப். தக்னியை, படித்த உருதுக்காரர்கள் கேலி செய்த அந்தப் பாஷையை, அப்படியே மேடையேற்றியவர். அவருடைய 'சோரா சோரி' ஒரு குறுநாடகம் என்றே சொல்லலாம். மாப்பிள்ளையின் தாயார் பேசுகிறாள். சீர் கேட்கிறாள், கேட்டுக்கொண்டே போகிறாள், சபை உருண்டு சிரிக்கிறது. பிறகு பெண்ணைப் பெற்றவள் பதில் பேசுகிறாள். அதே பாஷை, அதே ராகம். சிரித்துக்கொண்டிருந்த சபை ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொள்கிறது. எந்த வரியில் நிறுத்துகிறது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும் என்று கேட்டுப் பழகியவர்கள் சொல்வார்கள். 1978இல் அவர் இறந்துவிட்டார். பதிவுகள் கைமாறிக் கைமாறி இன்று கைப்பேசிக்கு வந்துவிட்டன. ஆம்பூரில் கல்யாண வீடுகளில் அதைப் போடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் முதற்பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.